ஊதல் டீச்சர்

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அது அச்சாகியிருந்தது. ஆனால் பழைய கடைத்தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் பிள்ளை வளர்த்த எந்தத் தாயிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு, ஊதல் டீச்சரா?" என்றுதான் திருப்பிக் கேட்பாள்.

பேச்சு வராத பிள்ளை, உட்காரத் தெரியாத பிள்ளை, எந்நேரமும் எச்சில் ஒழுகும் பிள்ளை, எதுவானாலும் அவள் கைக்கு வந்துவிட்டால் முதலில் எதையாவது ஊத வைத்துவிடுவாள். சோப்பு நுரை, பஞ்சுத் துணுக்கு, மேசைமேல் உருளும் காகிதப் பந்து, விசில், மெழுகுவத்தி என்று அவள் தோள்பையில் ஊதுவதற்கென்றே ஒரு உலகம் இருந்தது. ஊதினால் பேச்சு வந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிற்பாடு வந்த படிப்பாளிகள் அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். ஊதினா சிரிக்குதில்ல? சிரிக்கிற பிள்ளைகிட்டத்தான் எதையும் ஆரம்பிக்க முடியும்" என்றாள்.

இந்த வேலைக்கு அவள் திட்டம் போட்டு வந்தவள் அல்ல. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற மாதிரி வீட்டுக்கு வருவார். தங்கச்சியைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டது எல்லாம் இவள்தான். அதனால் பள்ளிப்படிப்பு முடிந்ததும் தையல் ஆலையின் பிள்ளை காப்பகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டபோது, தெரிந்த வேலைதானே என்று போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காப்பகம், துணி வெட்டும் கூடத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடும். பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே கண்ணயர்ந்து பழகிவிட்டார்கள். "விடுமுறை அன்னிக்கு வீட்டில தூங்கவே மாட்டேங்குது, மெஷினை எங்க போய்க் கொண்டு வர?" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்வார்கள். அறை முழுக்கப் பால் வாடையும் பவுடர் வாடையும், அவற்றின் மேல் மெல்லப் படிந்த புதுத்துணி வாடையும். முப்பது வருஷத்துக்குப் பிறகும் எங்காவது புதுத்துணியை முகர்ந்தால் அவளுக்கு இடுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அங்கே ஒரு கைக்குழந்தை இருந்தது. மற்ற பிள்ளைகளைத் தூக்கினால் கால் இரண்டும் தவளைக்கால்போல் விரியும். அதைத் தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல்போல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். பிள்ளைகளின் எடை பார்க்க மாதம் ஒருமுறை வரும் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னாள்.

டாக்டரம்மா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யார் கவனிச்சது?"

"நான்தாம்மா. துணி மாத்தறப்போ ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"நான் இந்தமாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு பயிற்சி மையம் ஆரம்பிக்கப் போறேன். இவனைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நீயும் வந்துடு."

அதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அடுத்த மாதமே டாக்டரம்மா ஆளனுப்பினார். ஒரு வருஷம் படிக்கவும் வைத்தார்.

மையத்துக்குக் கிடைத்த இடம் மூடிப்போன ஒரு துணிக்கடை. வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். டாக்டரம்மா உள்ளே நுழைந்ததும் பூரித்துப்போனார். சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி. நிற்கப் பழகும் பிள்ளை தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். விற்பனையாட்கள் உட்கார்ந்து துணி விரித்துப்போட்ட அகலமான, தாழ்ந்த மேடை. தவழவும் உருளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. உடை மாற்றிப் பார்க்கும் ஒட்டுப்பலகை அறைகள். தனித்தனியே பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்கள். அதை யார் படித்தார்கள்? வருஷக்கணக்கில் பழைய வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து, "தள்ளுபடி எப்போ போடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்வது பந்து சாரின் வேலை. "தள்ளுபடி முடிஞ்சு போச்சும்மா. இப்போ இங்க தவழ்படிதான்" என்பார்.

பந்து சார் உடற்பயிற்சி கொடுப்பவர். ஆள் ஆஜானுபாகு. அவர் வயிற்றைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு ரப்பர் பந்தின்மேல் பிள்ளைகளைக் கவிழ்த்துப்போட்டு உருட்டுவார். இறுகிய தசையை நீட்டிவிடும்போது பிள்ளைகள் வீறிட்டு அழும். கூடவே அவர் அபஸ்வரமாகப் பாடுவார். எந்த அழுகை எதற்கு என்று யாருக்கும் புரியாது. சட்டைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு இல்லை, கண் கலங்கி நிற்கும் தாய்மார்களுக்கு. "வாயில போடுங்க. மிட்டாய் கரையறதுக்குள்ள அவன் அழுகையை நிறுத்திடுவான்" என்பார். பெரும்பாலும் நிறுத்திவிடுவான்.

பணம் போட்டுச் சாமான் வாங்க வழியில்லாத காலம் அது. சோபாக் கடைக்காரன் தூக்கிப்போட்ட பஞ்சு மெத்தைத் துண்டுகளை உறை தைத்துச் சாய்மானம் செய்தார்கள். சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்தார்கள். விளக்கு சரிபார்க்க வந்த மின்வேலைக்காரர் ஒருவர், பலகையில் பட்டன்கள் பொருத்தி, அழுத்தினால் கலர் பல்ப் எரிகிற மாதிரி ஒரு விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்தார். அப்புறம் அது கெட்டுப்போனதா என்று பார்க்க வந்தார். அப்புறம் கெட்டுப்போகாத விளக்குகளையும் பார்க்க வந்தார். "இந்தக் கட்டடத்தில மின்சாரத்தைவிட இந்த ஆளுதான் அதிகமா பாயறாரு" என்று பந்து சார் முணுமுணுத்த மறுவாரம் அவர் ஊதல் டீச்சரின் அப்பாவைப் பார்த்துப் பேச வந்தார். கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். அவளை வேலையை விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வாசலில் தாய்மார்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு. அதுவும் துணிக்கடையோடு வந்ததுதான். உள்ளே பிள்ளைக்குப் பயிற்சி நடக்கும். வெளியே பெஞ்சில் மாமியார் முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாம் அலசப்படும். ஒரு பிள்ளை முதல்முதலாகக் கரண்டியைப் பிடித்த அன்று பெஞ்சே எழுந்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முதலில் காதில் விழுவது அந்தப் பெஞ்சின் இரைச்சல்தான்.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வருஷங்களில்தான். மாப்பிள்ளை பேருந்து நடத்துனர், கலகலப்பான ஆள். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடி வந்தார்கள். பையன் பிறந்தான். பார்த்தால் கண் படும், அப்படி ஒரு அழகு. யார் கூப்பிட்டாலும் லேசில் திரும்ப மாட்டான். "எங்க துரை ரொம்பக் கெத்து. ஒரு தடவை கூப்பிட்டா பார்க்க மாட்டாரு" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். அதிலிருந்து எல்லோருக்கும் அவன் துரை.

அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள். ஆனால் அவனுக்கு ஒன்றரை வயசு தாண்டியபிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துரை எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் தாயின் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு கொக்கியை மாட்டுவதுபோல் அலமாரியில் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் வேண்டுமென்றே ஒரு கரண்டியைக் கீழே போட்டுப் பார்த்தாள். சட்டென்று திரும்பினான், காதில் குறையில்லை.

பிறகு ஒருநாள் குமிழி ஊதினாள். எந்தப் பிள்ளையும் குமிழி உடைந்ததும் ஊதியவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கும், இன்னொன்று ஊது என்று. துரை குமிழியைப் பார்த்தான். அது உடைந்தது. அடுத்த குமிழியைப் பார்த்தான். அது உடைந்தது. இவள் முகம் என்று ஒன்று அந்த அறையில் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை.

எத்தனையோ தாய்மார்களிடம் இதை எடுத்துச் சொன்னவள் அவள். சொந்தத் தங்கச்சியிடம் சொல்ல நாக்கு புரளவில்லை. பந்து சாரிடம் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு நாம டீச்சர் இல்லம்மா" என்றார் அவர். எதற்கும் ஜோக் அடிப்பவர் அன்று அடிக்கவில்லை. "சொல்லித்தான் ஆகணும். ஆனா சொல்லிட்டா, கொஞ்ச நாளைக்கு உனக்கு அந்த வீட்ல தண்ணிகூடக் கிடைக்காது. தயாரா இருந்துக்கோ."

ஒரு மத்தியான நேரம். காய்ந்த துணிகளை அள்ளிப்போட்டு அக்காவும் தங்கச்சியும் மடித்துக்கொண்டிருந்தார்கள். துரை ஜன்னல் திரையின் ஓரத்தை ஆட்டி ஆட்டி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருதடவை டாக்டரம்மாகிட்ட இவனைக் காட்டிடலாமா?" என்றாள், ஒரு சின்னச் சட்டையை மடித்தபடி.

"எதுக்கு? சளிகூட இல்லையே."

"பேச்சு இன்னும் வரல. கூப்பிட்டா பார்க்கறதில்ல. சின்ன வயசுலயே ஆரம்பிச்சா…"

"அவரே நாலு வயசுலதான் பேசினாராம். மாமியார் சொல்லியிருக்காங்க."

"அப்படியே இருக்கட்டும். பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னா சந்தோஷம்தானே?"

தங்கச்சி மடிப்பதை நிறுத்தினாள்.  பேசியபோது குரல் உயரவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க. நாள் முழுக்க அந்தப் பிள்ளைங்களோட இருந்து இருந்து உனக்கு என் பிள்ளையும் அப்படித்தான் தெரியுது. நீ எனக்கு அக்காவா வா. அந்தப் பையோட வராதே."

அடுத்த முறை பையில்லாமல் போனாள். தங்கச்சி கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தேநீர் கொடுத்தாள். எல்லாம் விருந்தாளிக்குச் செய்வதுபோல் இருந்தது. அதற்கும் அடுத்த முறை கதவு பூட்டியிருந்தது; உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் போகவில்லை.

அந்தக் காலத்தில் துரையைப் பற்றிய சேதி அவளுக்கு ஒரே வழியில்தான் வந்தது. மாப்பிள்ளையின் பேருந்து. அது அவள் போகும் பாதையே இல்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அவர் கூட்டத்துக்குள் நீந்தி வந்து, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பையன் நல்லா சாப்பிடறான் அக்கா" என்பார். இன்னொரு நாள், "பொடிசு ஒண்ணு பக்கத்து வீட்ல இருக்கு, அது பேச ஆரம்பிச்சிருச்சு. இவதான் ராத்திரியெல்லாம் தூங்கல" என்பார். அவ்வளவுதான், விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் காரியமே இல்லாத இடங்களில் எல்லாம் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வேறு பேருந்து பிடித்து வீடு திரும்பினாள். வீட்டுக்காரர் தாமதத்துக்குக் காரணம் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சோறு வடித்து வைத்திருப்பார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அன்று தங்கச்சி துரையைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறிக் கடை வாசலில் நின்றிருந்தாள். எதிர்ச்சாரியில் யாரோ ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை கையை உதறிக்கொண்டு சாலையில் இறங்கி ஓடினான். அவள் அலறினாள். அந்தக் குரலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் திரும்பினார், சைக்கிள்காரர் திரும்பினார், தூங்கிக்கொண்டிருந்த நாய்கூடத் தலையைத் தூக்கியது. அவன் மட்டும் திரும்பவில்லை. லாரி ஒன்று அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று தங்கச்சி தலைகுனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை. "பிள்ளைக்குக் காது கேக்காதாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

காய்கறிப் பையை அங்கேயே விட்டாள். ஒரு செருப்பு சாலையில் கிடந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பழைய துணிக்கடையை நோக்கி நடந்தாள்.

ஊதல் டீச்சர் அப்போது மேடைமேல் ஒரு பிள்ளையைத் தவழ வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கண்ணாடியில் தங்கச்சி உள்ளே வருவது தெரிந்தது. தலை கலைந்து, ஒற்றைச் செருப்போடு. கண்ணாடிக்குள்ளேயே இருவர் கண்களும் சந்தித்தன. இவள் எழுந்திருப்பதற்குள் தங்கச்சி பார்வையை விலக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் போய்விட்டாள். கதவு சாத்தும் முன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"அக்கா வேண்டாம்மா. வேற யாராவது பாருங்க."

சொந்தக்காரப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் பயிற்சி கொடுக்கக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஆகவே தங்கச்சி சொல்லாவிட்டாலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அவள் வாயால் அதைக் கேட்டது வேறு. ஊதல் டீச்சர் மறுபடி குனிந்து, தவழும் பிள்ளையின் முட்டியைச் சரியாக வைத்தாள்.  பந்து சார் தூரத்திலிருந்து ஒரு புதினா மிட்டாயை அவள் பக்கம் வீசினார்.

புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன டீச்சர்தான் துரையை எடுத்துக்கொண்டாள். பயிற்சி நடந்தது ஒட்டுப்பலகை அறையில். ஊதல் டீச்சரின் அறைக்கு அடுத்தது. பலகையின் அந்தப் பக்கம் துரை அழுவான், பொருட்களைத் தூக்கி எறிவான், தலையால் சுவரை முட்டுவான். இந்தப் பக்கம் அவள் வேறொரு பிள்ளைக்கு மணி கோக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பாள். எட்டிப் பார்த்ததில்லை. சின்ன டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கச்சி பெஞ்சின் கோடியில், யாரோடும் சேராமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மற்ற தாய்மார்கள் அவளை வற்புறுத்தவில்லை. வந்த புதிதில் ஒவ்வொருத்தியும் அந்தக் கோடியில் உட்கார்ந்தவள்தான்.

பந்து சார் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவள் அறையைக் கடந்து போகும்போது கூரையைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்வார். "இன்னைக்கு ஒருத்தன் ஊஞ்சல்ல உக்காந்தான். யாருன்னு சொல்லமாட்டேன்." இரண்டு வாரம் கழித்து, "ஒருத்தன் பந்தைத் திருப்பி உருட்டினான். எனக்கென்ன, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல."

மழைக்காலம் தொடங்கிய சமயம். சின்ன டீச்சர் ஒரு காலிப் புட்டியோடு வந்து நின்றாள். "அக்கா, குமிழி தண்ணி தீர்ந்துபோச்சு. நான் கலந்தா குமிழியே வரமாட்டேங்குது."

ஊதல் டீச்சர் புட்டியை வாங்கினாள். சோப்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் சர்க்கரை கரைத்து, மெதுவாகக் கலக்கினாள். நுரை கட்டாமல் கலக்க வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுவிடும். கலக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று அவளிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளை காய்ச்சலால் வரவில்லை. அறையில் அவள் மட்டும்தான். பலகைக்கு அந்தப் பக்கம் ஊதும் சத்தம் லேசாகக் கேட்டது. துரையின் கால் சலங்கை ஒருமுறை குலுங்கியது. ஊதுவதை வேண்டுமென்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. பிறகு தங்கச்சியின் குரல். அன்று அவளையே உள்ளே உட்கார வைத்து ஊதச் சொல்லியிருந்தார்கள் என்பது இவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பார்த்தான்" என்றது அந்தக் குரல். "டீச்சர், என்னைப் பார்த்தான்."

நாற்காலி நகரும் சத்தம், அவசரமான காலடிகள். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு தங்கச்சி வந்து நின்றாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அக்காவிடம் ஒன்றரை வருஷமாகப் பேசவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, அவன் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"இன்னொண்ணு ஊதுன்னு. வாயால இல்ல. குமிழியைப் பார்த்தான், அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தான், மறுபடி குமிழி டப்பாவைப் பார்த்தான்."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அது மூன்று வயசுப் பிள்ளைக்குச் செய்த, இருபுறமும் கை வைத்த நாற்காலி. உட்கார்ந்தவள் எழ முயன்றபோது நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. அக்கா ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள், வரவில்லை. பந்து சார் ஓடி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணெய் போடணும், இல்லன்னா ஆசாரியைக் கூப்பிடணும்" என்றார். தங்கச்சி அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். அக்காவும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பெஞ்சு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

அந்தக் கோபத்தைப் பற்றி இருவரும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. வெகுகாலம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, தங்கச்சி தானாகவே ஆரம்பித்தாள். "எனக்கு நீ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். நீ வர்ற நேரம் பார்த்து அவனைத் தூங்க வெச்சிடுவேன், ஞாபகம் இருக்கா? உன் கண்ணுல படக்கூடாதுன்னு. தூக்கம் வராட்டியும் தட்டித் தட்டித் தூங்க வைப்பேன்." அக்கா அதை அன்றுவரை கவனித்திருக்கவில்லை. பிள்ளை நிறையத் தூங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். "சரி விடு" என்றாள். தங்கச்சி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், சின்ன வயசில் ஒரே போர்வைக்குள் தூங்கியதுபோல்.

துரைக்கு முதல் வார்த்தை ஐந்து வயசில் வந்தது. அம்மா என்றோ அப்பா என்றோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளிவிட்டு, "ரைட்" என்றான். தகப்பன் பேருந்தில் கேட்ட வார்த்தை. அதன்பிறகு கொஞ்ச காலம் அந்த ஒரே வார்த்தையால் உலகத்தையே ஓட்டினான். போகலாம் என்றால் ரைட், போதும் என்றால் ரைட், குளிக்க மாட்டேன் என்றாலும் அதையே ஓங்கிச் சொல்வான். அந்த வார்த்தை வந்த அன்று மாப்பிள்ளை பேருந்தில் ஏறிய ஒவ்வொரு பயணியிடமும் விஷயத்தைச் சொன்னாராம். ஒரு பெரியவர், "டிக்கெட்டைக் கொடுப்பா, நான் இறங்க வேண்டிய இடம் போயிடுச்சு" என்றாராம்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வாய்க்கவில்லை. நாலு நாள் வந்து ஐந்தாம் நாள் காணாமல் போனவர்கள் உண்டு. வலிப்பில் போன ஒரு பெண்குழந்தையின் குட்டித் தலையணையை யாரும் தொட மனம் வராமல் மேடையின் மூலையில் அப்படியே வைத்திருந்தார்கள். ஊதல் டீச்சர் சில நாள் வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் விளக்கைப் போடாமல் அவள் பக்கத்தில் வந்து உட்காருவார்.

தங்கச்சி பிள்ளையோடு வந்தவள், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. பெஞ்சின் கோடியில் புதிதாக ஒருத்தி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், இவள் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். ஒன்றும் பேச மாட்டாள். ஒரு பொழுதுக்குப் பிறகு அந்தப் பெண்ணே, "எங்க வீட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாராம்" என்று ஆரம்பிப்பாள். "ஆமா, எல்லா வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்பாள் தங்கச்சி. அதிலிருந்து அந்தப் பெண் மனம் திறந்துவிடுவாள். டாக்டரம்மா இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையே அவளுக்கு வேலையாகக் கொடுத்தார். பெஞ்சக்கா என்று பெயரும் வந்துவிட்டது. அக்காவும் தங்கச்சியும் காலையில் சேர்ந்து போய்ச் சாயங்காலம் சேர்ந்து திரும்பினார்கள். யார் வீட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று வழி நெடுகச் சண்டை போட்டார்கள். ஊதல் டீச்சரைக் கேட்டால், தன் ஆயுசிலேயே நல்ல வருஷங்கள் அவைதான் என்பாள்.

பிறகு கட்டடத்தை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். மையம் பெரிய சாலையில், மின்தூக்கி வைத்த ஒரு கட்டடத்துக்குப் போனது. அங்கே சாமான்கள் எல்லாம் பெட்டியில் வந்தன. எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. தாய்மார்களுக்குத் தனித்தனி நாற்காலி. ஒருவர் முதுகைப் பார்த்து இன்னொருவர் உட்கார வேண்டியிருந்தது. வசதிதான், குறை சொல்ல முடியாது. டாக்டரம்மா அந்தக் கட்டடத்தை அதிக நாள் பார்க்கவில்லை. பந்து சார் மகன் வீட்டோடு தூர தேசம் போனார். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிட்டு, முழங்கால் வலிக்கு யாரோ ஒரு சின்னப்பையன் தன்னைப் பந்துமேல் கவிழ்த்துப்போட்டு உருட்டுவதாகச் சொல்லிச் சிரிப்பார். பழைய துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிகள் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஊதல் டீச்சர் சாலையின் மறுபுறமாகவே நடந்துவிடுவாள்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் மின்வேலையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் கெட்டுப்போன மிக்ஸிகளைத் திறந்து பரப்பிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

துரைக்கு இப்போது மீசை அடர்ந்துவிட்டது. தகப்பன் வேலை பார்த்த பணிமனையில் பேருந்துகளைக் கழுவுகிறான். இருக்கை இருக்கையாகத் துடைத்து, ஜன்னல் கம்பிகளைத் தேய்த்து, அவன் கழுவி விட்ட வண்டியில் ஒரு துளி அழுக்கு இருக்காது. ஆனால் யாராவது விளையாட்டுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டால் அன்றைய வேலை அத்தோடு போச்சு. மேஸ்திரிக்கு இது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பேருந்து ஏறிப் பெரியம்மா வீட்டுக்கு வருவான். தேநீர் குடிப்பான். எந்த வண்டிக்குப் புது இருக்கை போட்டார்கள் என்று சொல்வான். பெரியப்பா திறந்து வைத்திருக்கும் மிக்ஸியின் மோட்டாரைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்ப்பான். கிளம்பிவிடுவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். கேள்வி என்று அவனாக யாரையும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை. ஈரக் குடையை மூலையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தான். ஊதல் டீச்சர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். ஒரு வாரமாக முழங்காலில் வலி.

"பெரியம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கால் வலிக்குதா?"

அவள் நின்றாள். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"வலிக்குதுப்பா" என்றாள். "கொஞ்சம்தான். எண்ணெய் தேச்சா போயிடும்."

"தேய்ங்க" என்றான். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டுக்காரர் கையில் திருப்புளியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவள் உடனே தங்கச்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கும்தான் ஆறு மாசமா இடுப்பு பிடிச்சிருக்கு" என்றாள் தங்கச்சி கடைசியில். "என்னை ஒரு வார்த்தை கேட்டானா பாரு."